வலிமையான அமிலம் எது, வேலை செய்யும் அமிலம் எது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. "ஹைட்ரோகுளோரிக், கந்தகம், நைட்ரிக், பாஸ்பாரிக், ஹைட்ரோபுளோரிக், வினிகரில் இருக்கும் அசிட்டிக், இந்த ஆறு அமிலங்களையும் வலிமைப்படி எப்படி வரிசைப்படுத்துவது? அப்பா நீச்சல்குளம் பராமரிக்கிற வேலை செய்கிறார். பூல் ஆசிட்தான் எல்லாவற்றையும்விடக் கடுமை என்கிறார். நகை வேலை செய்யும் பெரியப்பா நைட்ரிக்தான் என்று அடித்துச் சொல்கிறார். பாடப்புத்தகம் ஹைட்ரோபுளோரிக்கை வலிமை குறைந்த அமிலம் என்று போட்டுவிட்டு, அது கண்ணாடியைக் கரைக்கும் என்றும் சொல்கிறது. யார் சொல்வது சரி?"

தங்கச்சி, தேர்வுக்கு வேண்டிய நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கரைந்த நிலையில் ஹைட்ரோகுளோரிக், கந்தகம், நைட்ரிக் மூன்றும் வலிமை மிக்க அமிலங்கள். கந்தக அமிலத்துக்குக் கொடுப்பதற்கு இரண்டு ஹைட்ரஜன் உண்டு. வலிமை மிக்கது என்று சொல்வது முதல் ஹைட்ரஜனைப் பற்றித்தான். அவற்றுக்குக் கீழே ஒரு பெரிய இறக்கம். அமிலம் தண்ணீரில் எவ்வளவு பிரிகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குப் பிரிகை மாறிலி என்று பெயர், எண் பெரிதானால் வலிமை அதிகம். பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி ஏறத்தாழ 7 × 10⁻³. ஹைட்ரோபுளோரிக் அதில் பத்தில் ஒரு பங்கு, 7 × 10⁻⁴. அசிட்டிக் 1.8 × 10⁻⁵. சோடா பாட்டிலில் இருக்கும் கார்பானிக் அமிலம் 4 × 10⁻⁷ அளவில் நிற்கிறது. அதற்கும் கீழே, உன் பட்டியலில் இல்லாத ஹைட்ரஜன் சயனைடு, 6 × 10⁻¹⁰. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்.

வரிசை அவ்வளவுதான். ஆனால் உன் அப்பாவும் பெரியப்பாவும் பேசுவது இந்த வரிசையைப் பற்றி அல்ல. ஒரு அமிலம் ஒரு பொருளை என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். வலிமை என்பது அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை எவ்வளவு எளிதாகத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கிறது என்பது மட்டும். கொடுத்த பிறகு மீதியாக நிற்கும் எதிர்மின் அயனி, குளோரைடோ சல்பேட்டோ நைட்ரேட்டோ புளோரைடோ, அது தனியாக ஒரு வேலை செய்கிறது. வினை எப்படிப் போகும் என்பதைப் பல நேரங்களில் அந்த மீதிதான் தீர்மானிக்கிறது. பள்ளியில் பலகாலம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அமிலப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான்.

முதலில் வலிமையை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். மோலார் என்பது செறிவின் அளவு, ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பது; பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்தால் பிஎச் 1 வரும். அதாவது கரைந்த மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே பிரிந்துவிட்டன. அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் பிஎச் 2.9 அருகே நிற்கும். நூறு மூலக்கூறுகளில் ஒன்றேகால் அளவுதான் பிரிந்திருக்கிறது, மற்றவை முழுசாக அப்படியே மிதக்கின்றன. அசிட்டிக்கைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து 0.01 மோலார் ஆக்கினால் பிஎச் 3.4 ஆகும், ஆனால் பிரிந்த பங்கு நூற்றுக்கு நான்காக உயர்ந்திருக்கும். நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடுகிறது, கரைசலின் அமிலத்தன்மை குறைகிறது, மாறிலி மட்டும் மாறாமல் நிற்கிறது. அதனால்தான் வலிமையைப் பிஎச் வைத்து ஒப்பிடும்போது இரண்டும் ஒரே செறிவில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சரி, மேலே இருக்கும் மூன்றில் எது பெரியது? தண்ணீரில் வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பத்துக் கிலோ வரை காட்டும் தராசில் ஐம்பது கிலோ மூட்டையை வைத்தாலும் எண்பது கிலோ மூட்டையை வைத்தாலும் முள் ஒரே இடத்தில் முட்டி நிற்பது போல, தண்ணீர் இந்த அமிலங்கள் எல்லாவற்றிடமிருந்தும் ஹைட்ரஜன் அயனியை முழுதாக வாங்கிவிடுகிறது. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஹைட்ரஜன் அயனியை அவ்வளவு எளிதில் வாங்காத கரைப்பான் ஒன்று வேண்டும். தூய அசிட்டிக் அமிலமே அப்படிப்பட்டதுதான். அதில் கரைத்துப் பார்த்தால் பெர்குளோரிக் முதலில், பிறகு ஹைட்ரோபுரோமிக், கந்தகம், ஹைட்ரோகுளோரிக், கடைசியில் நைட்ரிக் என்று வரிசை விழுகிறது. கந்தகம் ஹைட்ரோகுளோரிக்கைத் தாண்டி மேலே வந்திருப்பதைக் கவனி. தண்ணீருக்காகக் கணக்கிட்டுப் போட்ட வரிசை வேறு கரைப்பானில் அப்படியே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. 1927 இல் ஹால், கோனன்ட் என்ற வேதியியலாளர்கள் இப்படி அசிட்டிக் அமிலக் கரைசல்களை அளந்தபோதுதான், வழக்கமான அமிலக் கரைசல்களைவிட மிக வலிமையான மீவலிமை அமிலம் என்ற எண்ணமே நூலேறியது. மெட்ரிக் தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வலிமை என்பது அமிலத்துக்கு மட்டும் சொந்தமான குணம் இல்லை, யாரிடம் கொடுக்கிறது என்பதையும் பொறுத்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் மோடர்ஃபொன்டைனில் 1896 இல் தங்கச் சுரங்கங்களுக்காக டைனமைட் தொழிற்சாலை ஒன்று திறந்தார்கள். டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். கிளிசரினை நைட்ரிக், கந்தகம் இரண்டும் கலந்த அமிலத்தில் போட்டு அதைச் செய்வார்கள். அந்தக் கலவைக்குள் கந்தக அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை நைட்ரிக் அமிலத்தின் மேலேயே ஏற்றிவிடுகிறது. அதாவது அந்த இடத்தில் நைட்ரிக் ஒரு காரம்! அயனியை வாங்கிக்கொண்ட நைட்ரிக் தண்ணீரை இழந்து நைட்ரோனியம் அயனியாகிறது, அதுதான் கிளிசரினைத் தாக்குகிறது. லௌரி, பிரான்ஸ்டெட் சொன்ன வரையறையை, கொடுப்பவன் அமிலம், வாங்குபவன் காரம் என்று மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வினையை யோசித்துப் பார்ப்பது மேல்.

அடுத்தது செறிவு. கடையில் வாங்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் ஏறத்தாழ 12 மோலார், அடர் நைட்ரிக் 16, அடர் கந்தகம் 18. தூய அசிட்டிக் அமிலமும் 17 மோலார். செறிவில் அது யாருக்கும் குறைந்தது இல்லை, வலிமையில்தான் குறைவு. 16.6 டிகிரி செல்சியஸிலேயே அது உறைந்துவிடும், அதனால் ஜோகன்னஸ்பர்க் ஜூலை மாதத்தில் பாட்டிலுக்குள் ஐஸ் மாதிரி நிற்கும். தோலில் பட்டால் நன்றாகவே புண்ணாக்கும். "வலிமை குறைந்த அமிலம்தானே" என்று நினைத்து அதைக் கையுறை இல்லாமல் எடுக்காதே.

செறிவு கூடினால் எப்போதும் வினை வேகம் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். அடர் கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்புத் தொட்டியில் சேமிக்கிறார்கள், இரும்புத் தொட்டி லாரியில் ஏற்றிப் போகிறார்கள். இரும்பின் மேல் ஓர் இரும்பு சல்பேட் படலம் படிந்து, அந்த அடர் அமிலத்தில் கரையாமல் கவசமாக நிற்கிறது. அதே அமிலத்தில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் தொட்டியைத் தின்றுவிடும். அடர் நைட்ரிக்கை அலுமினியத் தொட்டியில் வைக்கலாம். அது அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலத்தை இறுக்கிவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக்குக்கு இந்த இரண்டும் ஆகாது. குளோரைடு அயனி அப்படிப்பட்ட படலத்தை நிற்கவே விடாது, அதனால் பிளாஸ்டிக்கோ ரப்பர் பூசிய தொட்டியோதான் வேண்டும். மூன்றும் வலிமை மிக்க அமிலங்கள், மூன்றுக்கும் மூன்று விதத் தொட்டி. இதை வலிமை வரிசை எங்கே சொல்கிறது?

இப்போது உன் பெரியப்பாவிடம் வருவோம். உரைகல்லில் நகையைத் தேய்த்து ஒரு கோடு போட்டு, அதன் மேல் நைட்ரிக் துளி ஒன்று விடுவார். செம்பு, பித்தளை கோடுகள் நுரைத்து மறையும். தங்கம் குறைந்த கோடு மங்கும். தங்கம் மிகுந்த கோடு அசையாமல் நிற்கும். இதே வேலையை ஹைட்ரோகுளோரிக்கால் செய்ய முடியாது, அது வலிமையில் நைட்ரிக்குக்கு மேலே இருந்தும். ஏனென்றால் செம்பு ஹைட்ரஜனைவிடச் சோம்பலான உலோகம். ஹைட்ரஜன் அயனியால் செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க முடியாது. எத்தனை ஹைட்ரஜன் அயனி இருந்தாலும் பயனில்லை. நைட்ரேட் அயனி அமிலக் கரைசலில் ஒரு கடுமையான ஆக்சிஜனேற்றி. செம்பின் எலக்ட்ரானைப் பிடுங்குவது அதுதான். அதனால்தான் செம்பு நைட்ரிக்கில் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வருவதில்லை. அடர் அமிலமாக இருந்தால் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டையாக்சைடு எழும், நீர்த்த அமிலமாக இருந்தால் நிறமில்லாத நைட்ரிக் ஆக்சைடு வந்து காற்றில் பட்டுப் பழுப்பாகும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆபத்து. சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத்திணறல் தெரியவரும். பட்டறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று நீ பெரியப்பாவைக் கேட்டால் தப்பில்லை.

அப்படியிருந்தும் தங்கத்தின் முன் நைட்ரிக் தோற்றுவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக்கும் தனியாகத் தோற்கிறது. ஒரு பங்கு நைட்ரிக்கோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் சேர்த்த ராஜதிராவகம் மட்டும் கரைக்கிறது. இரண்டு தோற்றவர்கள் சேர்ந்தால் எப்படி ஜெயிக்கிறார்கள்? நைட்ரிக் தங்க அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும், ஆனால் மிகக் கொஞ்சம் அயனிதான் உண்டாகும், உடனே சமநிலை வந்து நின்றுவிடும். குளோரைடு இருந்தால் அந்தக் கொஞ்ச அயனியையும் நான்கு குளோரைடுகள் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. கரைசலில் தனித் தங்க அயனி இல்லாமல் போகிறது, அதனால் மேலும் தங்கம் கரைகிறது. ஒருவர் பிடுங்குகிறார், இன்னொருவர் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறார். உயர் காரட் நகையைச் சோதிக்க நைட்ரிக்கில் சிறிது ஹைட்ரோகுளோரிக் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

இதைவிட அதிசயம், தங்கத்தைக் கரைக்க அமிலமே வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் (சுருக்கமாக ராண்ட்) தங்கச் சுரங்கங்கள் ஆழம் போகப் போகத் தங்கம் பைரைட் என்னும் இரும்பு சல்பைடோடு கலந்து கிடைத்தது, பாதரசத்தால் அதைப் பிரிக்கும் பழைய முறை சரிவரவில்லை. ஸ்காட்லாந்தில் 1887 இல் காப்புரிமை பெற்ற மேக்ஆர்தர், ஃபாரஸ்ட் சயனைடு முறை 1890 இல் ராண்டுக்கு வந்துதான் அந்தச் சுரங்கங்களைக் காப்பாற்றியது. சயனைடு கரைசலும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் போதும், தங்கம் கரைந்துவிடும். அங்கேயும் ஆக்சிஜன் பிடுங்குகிறது, சயனைடு பிடித்துக்கொள்கிறது. அந்தக் கரைசலில் சுண்ணாம்பு போட்டுப் பிஎச்சை 10க்கு மேலேயே வைத்திருப்பார்கள். ஏன்? நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன எண் இங்கே வருகிறது. ஹைட்ரஜன் சயனைடு அவ்வளவு வலிமை குறைந்த அமிலம் என்பதால், சயனைடு அயனி கிடைத்த ஹைட்ரஜன் அயனியை விடாமல் பற்றிக்கொள்ளும். கரைசல் சற்றே அமிலமானாலும் அது விஷ வாயுவாகிப் பறந்துவிடும். வினிகரைவிட முப்பதாயிரம் மடங்கு வலிமை குறைந்த ஓர் அமிலம், ஆனால் ஆளைக் கொல்லும். ஆபத்தை வலிமை வரிசையில் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தப் பைரைட் கதை அதோடு முடியவில்லை. சுரங்கத்துக்குள்ளும் கழிவு மேடுகளிலும் அது காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் தண்ணீரால் நிறைந்து, 2002 இல் குரூகர்ஸ்டார்ப் பக்கம் அந்த அமிலத் தண்ணீர் தரைக்கு மேலேயே வழிய ஆரம்பித்தது. மிக நீர்த்த கந்தக அமிலம்தான் அது. ஆனால் போகிற வழியில் பாறைகளிலிருந்து உலோகங்களைக் கரைத்து எடுத்துவருகிறது. சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்கிறார்கள், இரும்பு வீழ்படிவாகிறது, சல்பேட் மட்டும் பெரும்பங்கு தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. அமிலத்தை முறித்த பிறகும் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடவில்லை. மீதியாக நின்ற அயனி இங்கே ஒரு நாட்டின் குடிநீர்ப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது, இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உன் அப்பாவின் பூல் ஆசிட் என்பது முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளத்தின் மார்பிளைட் பூச்சில் அது பட்டால் பொங்கும், ஏனென்றால் அதிலிருக்கும் கால்சியம் கார்பனேட் கரைந்து கால்சியம் குளோரைடாகிறது, அது தண்ணீரில் நன்றாகக் கரையும், தடை எதுவும் இல்லை. இதே இடத்தில் கந்தக அமிலத்தை ஊற்றினால் முதலில் பொங்கிவிட்டு மெல்ல அடங்கும். கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், கல்லின் மேல் படிந்து மூடிக்கொள்கிறது. அப்பா கண்ணால் பார்த்ததை வைத்துப் பூல் ஆசிட்டைக் கடுமை என்று சொன்னால், சுண்ணாம்பு சார்ந்த பொருள்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழுக்க நியாயம். செம்பைப் பொறுத்தவரை பெரியப்பா சொல்வது நியாயம்.

குளத்தில் அமிலம் ஊற்றுவதற்கான காரணமும் ஒரு வலிமை குறைந்த அமிலம்தான் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். குளோரின் போட்டதும் தண்ணீரில் உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் கிருமியைக் கொல்கிறது. அதன் பிகேஏ, அதாவது அது பாதி பிரிந்து நிற்கும் பிஎச், 7.5. பிஎச் 7.5 இல் பாதி அமிலமாகவும் பாதி ஹைப்போகுளோரைட் அயனியாகவும் இருக்கும். பிஎச் 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குகூட அமிலமாக மிஞ்சாது. அயனிக்குக் கிருமியைக் கொல்லும் திறன் மிகக் குறைவு. அதனால்தான் பிஎச்சை 7.2க்கும் 7.6க்கும் இடையில் பிடித்து வைக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பூல் ஆசிட்டையும் குளோரின் தூளையும், அல்லது வீட்டில் துணிக்குப் போடும் ஜிக் போன்ற பிளீச்சையும், ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஒரே வாளியை இரண்டுக்கும் எடுக்கக் கூடாது. குளோரின் வாயு அப்படியே கிளம்பும். வினிகரும் பிளீச்சும் கலந்தாலும் இதே கதைதான். கழிவறை சுத்தம் செய்யும்போது இந்தத் தப்பைச் செய்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

இனி ஹைட்ரோபுளோரிக். ஹைட்ரஜனுக்கும் புளோரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக உறுதி, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 570 கிலோஜூல். ஹைட்ரஜன் குளோரைடில் அது 430 தான். நீர்த்த கரைசலில் இது முழுதாகப் பிரியாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கண்ணாடி கரைவதற்கு ஹைட்ரஜன் அயனி தலைவன் இல்லை. கண்ணாடியின் சிலிக்கானைப் புளோரின் பிடித்துக்கொள்கிறது. சிலிக்கான், புளோரின் பிணைப்பு அவ்வளவு வலுவானது. ஹைட்ரோகுளோரிக் எவ்வளவு வலிமையானாலும் கண்ணாடிப் பாட்டிலில் வருடக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் குளோரைடுக்குச் சிலிக்கான் மேல் அந்தப் பிடிப்பு இல்லை. புத்தகம் சொன்ன இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இன்னொன்று: தண்ணீர் அறவே இல்லாத தூய ஹைட்ரோபுளோரிக் அமிலம் கந்தகத்துக்குச் சளைத்தது இல்லை. "வலிமை குறைந்தது" என்ற பட்டம் நீர்த்த கரைசலுக்கு மட்டும்தான்.

உடம்பில் பட்டால் இது செய்வது மற்ற அமிலங்களிலிருந்து வேறு மாதிரி. முழுசாக நிற்கும் மூலக்கூறு என்பதாலேயே தோலைத் தாண்டி உள்ளே போய்விடும், முதலில் வலிகூடத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே புளோரைடு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே குலையும். தண்ணீரால் கழுவிய கையோடு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவதும் உடனே மருத்துவரிடம் போவதும் இதற்காக. துரு நீக்கி, மேக் வீல் (காரின் அலாய் சக்கரம்) கழுவும் திரவம் என்று விற்கும் சிலவற்றில் இந்த அமிலம் இருக்கக்கூடும், லேபிளைப் படி.

ஒரு சின்னக் கணக்கும் இதோடு சேர்த்துப் பார். ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக்கைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால் 57 கிலோஜூல் வெப்பம் வரும். அசிட்டிக்கில் 55 அளவு, பிரிவதற்குக் கொஞ்சம் செலவாகிறது என்று பாடம் சொல்லும். அந்தத் தர்க்கப்படி ஹைட்ரோபுளோரிக்கிலும் குறைய வேண்டும். ஆனால் 68 வருகிறது! சிறிய புளோரைடு அயனியைத் தண்ணீர் அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொள்வதால் வெளிவரும் வெப்பம் பிரிகைச் செலவைத் தாண்டிவிடுகிறது.

ஒரு அமிலம் இன்னொன்றை அதன் உப்பிலிருந்து வெளியேற்றினால், வெளியேற்றியதுதான் வலிமையானது என்று பல பழைய நோட்டுகளில் இருக்கும். அதை அப்படியே நம்பாதே. சமையல் உப்பில் அடர் கந்தக அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. அது வாயுவாகப் பறந்துபோகிறது, கந்தக அமிலம் 337 டிகிரி வரை கொதிக்காமல் அங்கேயே நிற்கிறது. போனது திரும்பாததால் வினை ஒரு பக்கமாக ஓடுகிறது. பொட்டாசியம் புரோமைடிலிருந்து ஹைட்ரஜன் புரோமைடு எடுக்க வேண்டுமென்றால் கந்தகம் உதவாது, அது புரோமைடைப் புரோமினாக ஆக்சிஜனேற்றிக் கெடுத்துவிடும். அங்கே பாஸ்பாரிக் அமிலத்தை ஊற்றிச் சூடாக்குவார்கள். வலிமையில் எவ்வளவோ கீழே இருக்கும் பாஸ்பாரிக், ஹைட்ரோகுளோரிக்கையே மிஞ்சும் ஹைட்ரோபுரோமிக்கை வெளியே தள்ளுகிறது. இன்னும் ஒன்று: செம்பு சல்பேட் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் கறுப்புச் செம்பு சல்பைடு வீழ்ந்து, கரைசலில் கந்தக அமிலம் உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு அற்ப அமிலம், கந்தக அமிலத்தை உண்டாக்கிவிட்டது. வாயுவாகப் போவதும் வீழ்படிவாக விழுவதும் வலிமையைத் தோற்கடிக்கும்.

அதற்காக வலிமைக்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. ஃபலபோர்வாவில் தோண்டும் பாஸ்பேட் கல்லை ரிச்சர்ட்ஸ் பேயில் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள், அதிலிருந்து உரம் வருகிறது. அங்கே வலிமை மிக்கது வலிமை குறைந்ததை வெளியேற்றுகிறது, கூடவே ஜிப்சம் வீழ்ந்து வினையை இழுத்துப் போகிறது. இரண்டும் ஒரே திசையில் தள்ளும்போது தொழிற்சாலைக்கு அது லாபம்.

வலிமை குறைந்த அமிலங்களின் வேலைத்திறனை நம் வீட்டிலேயே பார்க்கலாம். காவடிக்கு முன்னால் பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் தேய்க்கிறோம் இல்லையா? புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பு ஆக்சைடைக் கரைக்கிறது, கரைந்த செம்பு அயனியை டார்ட்ரேட் பிடித்துக்கொள்கிறது, அடியில் இருக்கும் உலோகத்தைத் தொடுவதில்லை. நைட்ரிக் போட்டால் விளக்கே கரையும். லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டுக்காகப் பல வீடுகளில் வைத்த லெட் ஆசிட் பேட்டரியிலும் இதே மாதிரித் தேர்வு இருக்கிறது: ஈய சல்பேட் கரையாதது என்பதால்தான் அதில் கந்தக அமிலம்; ஈயத் தட்டு கரைந்து ஓடாமல், மாறிய பொருள் தட்டிலேயே ஒட்டி நின்று மறுபடி சார்ஜ் ஆகிறது. நைட்ரிக் என்றால் ஈய நைட்ரேட் கரைந்து போயிருக்கும். அந்த அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. அடர் கந்தகம் தண்ணீரோடு சேரும்போது வரும் சூடு மேலே விழுந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து அமிலத்தை முகத்தில் தெறிக்கவிடும். சர்க்கரையை அது கரியாக்குவதும் தண்ணீரை இழுக்கும் இந்தப் பசியால்தான், அமில வலிமையால் அல்ல.

தேர்வு எழுதும்போது இந்த விவரங்களில் தொலைந்துவிடாதே. ஒரே செறிவு, ஒரே கன அளவு உள்ள இரண்டு ஒற்றை ஹைட்ரஜன் அமிலங்கள் கொடுத்தால், வலிமை மிக்கதில் பிஎச் குறைவாகவும், மின்கடத்தல் அதிகமாகவும், மெக்னீசியத்தோடு ஆரம்ப வேகம் அதிகமாகவும் இருக்கும். மொத்த ஹைட்ரஜன் வாயு மட்டும் சமம்: 0.1 மோலார் அமிலம் 100 மில்லி எடுத்து மெக்னீசியத்தை மிகுதியாகப் போட்டால், ஹைட்ரோகுளோரிக்கானாலும் அசிட்டிக்கானாலும் சுமார் 120 மில்லி வாயுதான் அறை வெப்பத்தில் வரும், ஒன்று சட்டென்று தரும், மற்றது மெல்லத் தரும். பிரியாமல் இருக்கும் அசிட்டிக் மூலக்கூறுகள் கேட்கக் கேட்கப் பிரிந்து கொடுத்துக்கொண்டே இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. அமிலத்தை முறிக்க எவ்வளவு காரம் வேண்டும் என்று அளக்கும் தரம் பார்த்தலிலும் (டைட்ரேஷன்) அப்படித்தான், 25 மில்லி அசிட்டிக்குக்கும் 25 மில்லி ஹைட்ரோகுளோரிக்குக்கும் ஒரே அளவு காரம் தேவை, கந்தகத்துக்கு இரட்டிப்பு.

கந்தகத்தின் பிஎச் கேட்டால், தேர்வில் பொதுவாக இரண்டு ஹைட்ரஜனும் முழுதாகப் பிரிவதாக எடுத்துக்கொண்டு 0.1 மோலாருக்கு 0.7 என்று போடுவார்கள். உண்மையில் இரண்டாவது ஹைட்ரஜனின் மாறிலி 0.012 தான் என்பதால் அளந்தால் 0.96 பக்கம் வரும். கேள்வியில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து அதன்படி எழுது. தரம் பார்த்தல் முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் வலிமை மறுபடி வேலை செய்கிறது: அசிட்டிக்கையோ உங்கள் செய்முறையில் வரும் ஆக்ஸாலிக் அமிலத்தையோ சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும்போது முடிவுப் புள்ளி 7க்கு மேலே, 8க்கும் 9க்கும் இடையில் விழும், ஏனென்றால் மீதியாக நிற்கும் அசிட்டேட்டும் ஆக்ஸலேட்டும் தண்ணீரிடமிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் அயனியைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. அதனால் மெத்தில் ஆரஞ்சை விட்டுவிட்டு ஃபீனால்ப்தலீன் எடு, காரணத்தையும் ஒரு வரியில் எழுது, மதிப்பெண் அந்த வரிக்குத்தான்.